படிவத்தில் எழுதும் பொய்

வாயால் சொல்வது மட்டும்தான் பொய்யா? கட்டமிட்ட படிவத்தில் மையால் நிரப்புவதும் அதிற் சேருமா? திருவனந்தபுரத்தில் மத்திய அரசு எழுத்தராய்க் காலந்தள்ளும் நமக்கு இக்கேள்வி கரமனையில் ஒரு மாலை வேளையில் எழுந்தது.

நம் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அண்ணாச்சி என்றே அழைப்போம். துணைவியாரை இழந்தபின், கைக்குழந்தையோடு கனடாவிலிருக்கும் மகளிடம் செல்லத் தீர்மானித்தார். விசா விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சென்றோம். படிவம் நிரப்புவதுதானே நம் பிழைப்பு! 1956 நவம்பர் 1 அன்று தோவாளையும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, இந்நகரில் தங்கிவிட்ட நம் முன்னோர் ஒரு படிவமும் நிரப்பாமலே பிற மாநிலத்தவராயினர். அது வேறு கதை.

முதல் தடங்கல் பெயரில் வந்தது. தந்தை பெயரை ஒரே எழுத்தில் அடக்கி வாழ்ந்த தமிழனை நோக்கி, குடும்பப் பெயர் யாது என உலகம் வினவுகிறது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயருடையோர்க்குச் சுற்றுலா விசாவில் இடமில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததும், தந்தை பெயர் இருப்பின் போதும் எனப் பின்னர்த் தளர்த்தியதும் நம்மவர்க்கு நினைவிருக்கும். நல்லவேளை, அண்ணாச்சியின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாகவே இருந்தது.

அடுத்த கட்டம்: பயண நோக்கம், தங்கும் காலம். அவர் உள்ளத்தில் இருந்ததோ இயன்றவரை மகளோடு இருத்தல். பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் என்றே கனடா 2011 டிசம்பரில் சூப்பர் விசாவைத் தொடங்கியது. 2022 ஜூலை முதல் ஒருமுறை நுழைந்தால் ஐந்தாண்டுவரை தங்கலாம். ஆனால் அழைக்கும் பிள்ளையின் குடும்ப வருமானம் வரம்பை எட்ட வேண்டியிருந்தது. மருமகன் வேலையிழந்த ஆண்டு அது, எட்டவில்லை. சாதாரண வருகை விசாவிலோ பொதுவாக ஆறு மாதந்தான்.

“ஊர் சுற்றிப் பார்க்க, இரண்டு மாதம் என்று எழுதுவோம் அண்ணாச்சி. போனபின் நீட்டித்துக்கொள்ளலாம்” என்றோம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “தம்பி, இத்தனை ஆண்டும் பிறர் எழுதித் தந்ததை நம்பித்தானே கோப்பில் குறிப்பெழுதினோம்?”

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடம்பெறும் என வள்ளுவர் தந்த விலக்கை அவரிடம் எடுத்துரைத்தோம். பேரனுக்குத் தாத்தா கிடைப்பதில் யாருக்குத் தீங்கு? ஆயினும் வீடு திரும்பும் வழியில் அவ்வாதம் நமக்கே கசந்தது. நன்மை நமக்கு, குற்றம் நமக்குப் பின்னே வரிசையில் நிற்பவருக்கு. நம் பொய் வெளிப்பட்டால், அடுத்து வரும் முதியவரின் மெய்யையும் அதிகாரி ஐயுறுவார். தவறான தகவலுக்கு ஐந்தாண்டு நுழைவுத் தடை விதிக்கும் சட்டம் அங்கு உண்டென்பதைப் பிறகுதான் அறிந்தோம். அச்சத்தால் வந்த நேர்மை நமக்குப் பெருமையன்று. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை: பாசத்துக்கு வருமான வரம்பு விதிக்கும் படிவத்தின்மேல் நமக்கு இன்றும் சினம் தணியவில்லை. மருமகன் வேலையிழந்தால் மாமனாரின் அன்பு குறைந்தா போகும்?

‘மகளையும் பேரனையும் காண, ஆறு மாதம்’ என்றே அண்ணாச்சி எழுதினார். விசா கிடைத்தது. ஆறு மாதம் முடியும் முன்னரே திரும்பியும் வந்தார். நவம்பரில் ஓய்வூதியர் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டுமல்லவா? 2014 முதல் மின்னணு வழி இருந்தும், வங்கிக்கு நேரில் நடந்தே போய்க் கையெழுத்திட்டார். மருமகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. வருமானச் சான்று வரட்டும் என்று காத்திருக்கிறார். பேரன் இப்போது நடக்கிறானாம்.