தானமும் வினையும்

மறுமையிற் சுகம் பெறும்பொருட்டு இம்மையில் அன்னமிடுதல் வட்டிக்குப் பணங் கொடுத்தலோடொக்கும் அன்றோ என நம்மவரை வினாவுதல் மிஷன் பாடசாலைகளிலே முன்னாளில் வழக்கமாயிருந்தது. யாமும் அங்கே பயின்ற காலத்து அவ்வினாவைக் கேட்டிருக்கின்றோம். அதனை இகழ்ந்து தள்ளுதல் நன்றன்று. நம் சித்தாந்தமே அதனினுங் கடுமையாக இவ்விடயத்தை ஆராய்ந்திருக்கின்றது.

தீவினை இருப்புவிலங்கு, நல்வினை பொன்விலங்கு என்பது சைவ நூலார் துணிபு. பயன் கருதி இடுஞ் சோறு புண்ணியமேயாயினும், அப்பயனை நுகர்தற்கு ஆன்மா மீளவும் பிறத்தல் வேண்டும். ஆதலின் அதனைப் பசுபுண்ணியம் என்றும், சிவனை நோக்கிச் செய்வதனைச் சிவபுண்ணியம் என்றும் பகுத்தனர்.

இப்பகுப்பின் நுட்பத்தை இளையான்குடிமாறநாயனார் சரித்திரத்திற் காண்க. நாயனார் வறுமையுற்றுப் பட்டினியாயிருந்த ஒரு மழையிரவில் அடியவரொருவர் வந்தார். வீட்டில் அரிசியில்லை, கடன் கொடுப்பாருமில்லை. அன்று பகல் விதைத்த முளைநெல்லை வாரிவந்தாற் சமைக்கலாம் என்றவர் மனைவியாரே. நாயனார் இருளிலே காலினாலே தடவி வழிகண்டு வயலுக்குப் போய், முளையை வாரிச் சுமந்து வந்தார். விறகில்லாமையாற் கூரைக் கழிகளை அறுத்து வீழ்த்தினார்; குழியில் நின்ற கீரையைப் பறித்துக் கொணர்ந்தார். அவ்வொரு கீரையையே அம்மையார் பலவகைக் கறியாக்கினார்.

விதையை இட்டவர் அறுவடையையும் உடனிட்டவராவர். வட்டிக்குக் கொடுப்பவன் முதலைக் காப்பான். இங்கே முதலே போயிற்று. குடும்பத்தைப் பட்டினியிடுதல் தருமமாமோ எனின், மனைவியார் வாய்ச்சொல்லாற் பிறந்த செயலாதலின் அக்குற்றம் ஈண்டில்லை. மனையாள் உடன்படாதிருக்கத் தன் பெயர் விளங்கக் கொடுப்பவன் இச்சரித்திரத்தைத் துணைக்கழைப்பானாயின், அவன் அதனைச் செவ்வையாகப் படித்திலன்.

அடியார்க்கிடுவதே சிவபுண்ணியம், ஏழைக்கிடுவது அற்பம் என்பாருமுளர். ஆகமவொழுக்கத்தில் அணுவளவும் நெகிழாத ஆறுமுகநாவலரவர்கள் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார்கள் என்பதை அவர்கள் ஆராய்வார்களாக.

நம் பாடசாலைகளிலோ, பிடியரிசி சேர்க்குங்கால், அதிகங் கொணர்ந்த பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதிப் புகழ்தல் உண்டு. வட்டிக்கணக்கை நாமே அங்கு தொடங்கிவைக்கின்றோம். இல்லாத வீட்டுப் பிள்ளை அன்று பாடசாலைக்கு வர நாணுவதும் உண்டு. உபாத்தியாயர்கள் அப்பெயர்களை அழித்துவிட்டு, அவ்வரிசி நாளை எவர் வீட்டிற் பொங்கப்படும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாது, சுமந்து சென்று கொடுப்பதற்கு மட்டும் அவர்களை உடன் அழைத்துச் செல்லலாம்.