எடுத்தலும் வைத்தலும் களைதலும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. அதனை வீட்டுப் பொன்னுக்கும் நிலத்துக்கும் உரியதாகவே கருதுகிறோம். நாம் பணியாற்றும் இடத்துப் பொருளறை நினைவுக்கு வருவதில்லை. அது நிறுவனத்தின் பொருள் அன்றோ என்கிறோம்.

ஆயினும் அவ்வறையின் சாவியை வைத்திருப்பவரை உற்று நோக்குங்கள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் இத்தகைய அறைகள் பலவற்றை நாம் கண்டதுண்டு. மை உலர்ந்த சைக்ளோஸ்டைல் இயந்திரம், நாடா சிக்கிய டேப் ரிக்கார்டர், பெருங்கண்ணாடித் திரையுடைய பழைய கணிப்பொறி, 1.44 மெகாபைட் கொள்ளும் ஃபிளாப்பித் தகடுகள், எக்கருவிக்கு உரியவை என எவரும் அறியாத கம்பிகள். இருப்புப் பதிவேட்டில் எல்லாம் உள. பயன்பாட்டில் ஒன்றும் இல்லை. பொறுப்பாளர் அவற்றை வாங்க ஒரு காசும் செலவிட்டவர் அல்லர். எனினும் அகற்றச் சொன்னால் முகம் வாடுவார். "என்றேனும் உதவும்" என்பார். பரிக்கிரகம் என்பது பற்றே எனத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி முனிவர் வரையறுத்தது எத்துணை நுட்பம்! பொருள் யாருடையது என்பது அங்கு வினாவே அன்று.

அதே அறையில் பிரிக்கப்படாத தாள்கட்டுகளும் வரைகருவிப் பெட்டிகளும் இராமபாணப் பூச்சிக்கு இரையாகிக் கிடக்கும். அவை இல்லாத பிள்ளைகள் அடுத்த தெருப் பள்ளியிலேயே இருப்பர். இதனை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது.

சரி, அகற்றுவோம். எவ்வாறு? முனிவர்தம் ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபணம் என்பது பொருளை உயிர்க்கு ஊறின்றி எடுத்தலும் வைத்தலும். உத்சர்க்கம் என்பது கழிவை உயிரற்ற இடம் பார்த்து விடுதல். அவர்கள் மயிற்பீலியால் வருடிப் பார்த்தே ஒன்றைத் தொடுவர். நமக்கு மெல்லிய துடைப்பம் போதும். நெடுநாள் பூட்டிய அறையில் சிலந்தியும் பல்லி முட்டையும் இருக்கும். முதல்நாளே மருந்தடித்துக் கதவைச் சாத்தும் வழக்கம் நமக்கு வேண்டா. பகல் வெளிச்சத்தில், பெட்டிகளை மெல்லத் தூக்கி, வெளியே கொணர்ந்து தட்டுக. மழைக்காலத்துக்கு முன் செய்தல் நன்று. சிற்றுயிர்கள் பெருகும் காலம் என்பதாலன்றோ முனிவர்கள் சாதுர்மாசத்தில் ஓரிடத்தே தங்குகின்றனர்.

இனி உத்சர்க்கம். பழைய திரைக் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. யு.பி.எஸ். பேட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. இவற்றை ஏரிக்கரையில் கொட்டினால் மண்ணும் நீரும் நஞ்சாகும். செம்புக்காகக் கம்பிகளை எரித்தால் அப்புகை எரிப்பவன் நெஞ்சிலும் புகும். 1-4-2023 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் உள்ளனர். தெருவில் வரும் பழம்பொருள் வணிகர் சில ரூபாய் கூடுதலாகத் தரினும் பதிவு பெற்றவரிடமே ஒப்படையுங்கள். பேட்டரியைத் தனியே பிரித்துக் கொடுங்கள்.

மற்றொன்று. "எப்படியும் குப்பைதானே" என்று ஒரு கம்பிச் சுருளை வீட்டுக்குக் கொண்டு செல்வோர் உளர். கொடாததை எடுத்தல் கள்ளாமை விரதத்துக்கு மாறு. தலைமையாசிரியர் பதிவேட்டில் கழித்தெழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தபின் எடுத்துச் செல்லட்டும். வீட்டில் அதற்கு வேலை உண்டெனில்.