மடி கனத்த ஆடும் 'ஹை ஃபைபர்' பிஸ்கட்டும்

 

சர்க்கரை, கொலஸ்ட்ரால், மலச்சிக்கல் என்ற பேச்சு இல்லாத வீடு இன்று நம் தெருக்களில் குறைவு. அந்தப் பேச்சோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்திருக்கும் பொருள் நார்ச்சத்து பவுடர். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டப்பாவாக வருகிறது. பிஸ்கட், ரொட்டி, கோதுமை மாவு ஆகியவற்றில் கலக்கப்பட்டு, அட்டையில் 'ஹை ஃபைபர்' என்ற பெரிய எழுத்தோடும் வருகிறது. "ஹஜ்ரத், இது ஹலாலா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. கரையும் நார்ச்சத்து பெரும்பாலும் செடிகொடிகளிலிருந்து வருவது. இசப்கோல் ஒரு விதையின் மேல்தோல்; குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது, அதற்குப் பெரிய சந்தை குஜராத்தின் உஞ்சா. (பெயர் பார்சியிலிருந்து வந்தது. விதையின் வடிவத்தை வைத்துக் குதிரைக் காது என்று பொருள் சொல்வார்கள்.) ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் குவார் கம், கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. இன்யூலின், காபித் தூளில் கலக்கிறார்களே, அந்தச் சிக்கரியின் வேரிலிருந்து கிடைப்பது. மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு இறங்கும் கடல்பாசியும், நோன்பு திறக்க நம் பெண்கள் காய்ச்சித் துண்டு போட்டு வைக்கும் கடல்பாசியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் பாசியிலிருந்து அகர் எடுக்கும் ஆலைகள் நம் மதுரைப் பகுதியிலேயே உண்டு. இவற்றில் ஹராமுக்கு இடமில்லை. மாத்திரைக் கூடாகவோ, மென்று தின்னும் மிட்டாய் வடிவிலோ வந்தால் மட்டும் அதில் ஜெலட்டின் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பிராணியினுடையது என்று பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. பொருள் ஹலால். விற்கும் முறை?

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி, 100 கிராம் திட உணவில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'நார்ச்சத்து உள்ளது' என்று போடலாம். 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து நிறைந்தது' என்று போடலாம். தவிடு நீக்கிய மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, வெளியிலிருந்து பவுடரைக் கொட்டி அந்த அளவை எட்டிவிட முடியும். அட்டையில் இருப்பது பொய்யா? இல்லை. நார்ச்சத்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தைப் பார்க்கும் தாய் என்ன நினைக்கிறார்? இது முழுத் தானியம், சர்க்கரை நோய்க்கு ஏற்றது என்று நினைக்கிறார். அந்த நினைப்புக்கு யார் பொறுப்பு?

அரபிக் கல்லூரியில் வியாபாரப் பாடத்தில் 'முஸர்ராத்' என்றொரு மஸ்அலா ஓதியிருக்கிறோம். ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி கனத்துத் தொங்கும். வாங்க வருபவர், தினமும் இவ்வளவு பால் தரும் பிராணி என்று நினைத்து விலை கொடுப்பார். பெருமானார் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். வாங்கியவர் விரும்பினால் பிராணியையும், குடித்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தையும் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். இதற்கு மூன்று நாள் அவகாசமும் ஹதீஸில் வந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் உரிமையில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ இமாம் உள்ளிட்ட பெரும்பான்மையோர் ஹதீஸின் வெளிப்படையான கருத்தை எடுத்தார்கள். நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதை வைத்து வியாபாரத்தை முறிக்க முடியாது என்றார்கள். அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) பெரும்பான்மையோர் பக்கம் நின்றார்கள். ஆனால் அந்தச் செயல் ஏமாற்று, பாவம் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

கவனியுங்கள். மடியில் இருந்தது நிஜமான பால். தண்ணீர் கலக்கவில்லை, வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. விற்றவர் உண்டாக்கிய தோற்றம் மட்டுமே பொய். மைதா பிஸ்கட்டில் இருக்கும் பவுடரும் அந்தப் பால் மாதிரிதான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நார்ச்சத்து என்ற ஒரே பெயரில் பல பொருட்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. இசப்கோல் தண்ணீரை இழுத்துக் கூழாகிக் குடலில் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கும், கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கும். இன்யூலின் அப்படிக் கூழாவதில்லை. பெருங்குடலில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது, அளவு கூடினால் வாயு வயிற்றை உப்பவைக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல், பிரித்தெடுத்துச் சேர்க்கும் நாரால் உடம்புக்கு நன்மை உண்டு என்று நிரூபித்தால்தான் அதை நார்ச்சத்துக் கணக்கில் காட்டலாம் என்று விதி செய்தது. உலக சுகாதார அமைப்பு 2023-ல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்றபோது, உணவில் இயற்கையாகவே இருக்கும் நார்ச்சத்து என்று சேர்த்தே சொன்னது.

வியாபாரம் செய்யும் சகோதரர் கேட்பார்: "பின்பக்கம் எல்லாம் அச்சடித்திருக்கிறதே, படித்துப் பார்த்து வாங்கட்டுமே?" தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் விற்றவர். மழை அவர் செய்த குற்றமல்ல. வாங்குபவரும் கைவிட்டுப் பார்த்திருக்கலாம்தான். ஆனாலும் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி. 'ஃபைபர்' முன்பக்கம் பெரிதாக, மைதா பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் என்றால், நனைந்த தானியம் இன்னும் அடியில்தான் கிடக்கிறது.

டப்பாவில் பவுடரைப் பவுடர் என்றே சொல்லி விற்பவர் மீது இந்தக் குற்றச்சாட்டு இல்லை. டாக்டர் சொன்னால் தாராளமாகக் குடியுங்கள். நிறையத் தண்ணீரோடு குடியுங்கள். இசப்கோலைத் தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி நாலு பரோட்டா, படுக்கும் முன் ஒரு ஸ்பூன் பவுடர். நஃப்ஸ் செய்துகொள்ளும் இந்த ஒப்பந்தத்தில் ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒரே ஆள். பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் சல்லடையே இல்லை என்று ஸஹ்ல் இப்னு ஸஃது (ரலி) அறிவிக்கிறார்கள். வாற்கோதுமையை அரைத்து ஊதுவார்கள். பறப்பது பறக்கும், மீதியைப் பிசைந்து சாப்பிடுவார்கள். வறுமையில் சாப்பிட்டது அது. நாம் வசதி வந்ததும் அரிசியைத் தீட்டித் தீட்டித் தவிட்டை மாட்டுக்கும் எண்ணெய் ஆலைக்கும் அனுப்பிவிட்டு, நாரைக் காசு கொடுத்துப் பவுடராக வாங்குகிறோம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளையும் கம்பும் சோளமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

நம் ஜமாஅத்தில் பலசரக்குக் கடையும் பேக்கரியும் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். "சர்க்கரைக்காரங்க சாப்பிடற மாதிரி என்ன பாய் இருக்கு?" என்று ஓர் அம்மா வந்து நின்றால், அட்டையில் இருப்பது கம்பெனிக்காரன் வார்த்தை, நீங்கள் வாயால் சொல்வது உங்கள் வார்த்தை. "நாரு சேர்த்திருக்காங்கம்மா, ஆனா இது மைதாதான், சர்க்கரையும் இருக்கு" என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் வாங்கினால் அவர் தெரிந்து வாங்குகிறார்.