இரசனையும் பொறுப்பும்: திரைப்படக் கருத்துரை பற்றி ஒரு நோக்கு

திரைப்படம் பார்த்து வெளியே வருபவர்கள் பேசாது கலைவது அரிது. படமாளிகையின் வாயிலிலும் பஸ் தரிப்பிடத்திலும் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையிலும் அண்மையிற் பார்த்த படம் பற்றிய பேச்சு நீளுகின்றது. "நல்ல படம்" என்பார் ஒருவர். "வெறும் அலுப்பு" என்பார் மற்றொருவர். சிறிது நேரம் வாதம் நிகழும். இறுதியில் யாரேனும் ஒருவர், "அவரவர் ருசி அவரவர்க்கு" என்று கூற, பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பெருந்தன்மை நிறைந்ததாகத் தோன்றும் இம்முடிவு உண்மையிற் பெருந்தன்மையானதுதானா? ஒரு படம் நன்று அல்லது தீது எனப் பிறர் முன்னிலையிற் கூறுபவருக்கு ஏதேனும் பொறுப்பு உண்டா? இவ்வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவற்றை அணுகுவதற்கு நல்லதொரு தொடக்கத்தை அளித்தவர் ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் ஆவார். 1790இல் வெளிவந்த தமது நூலில் அவர் இனியது என்பதையும் அழகியது என்பதையும் வேறுபடுத்துகின்றார். ஒரு வகை மது தமக்கு இனிக்கின்றது என்பவர் தம்மைப் பற்றியே கூறுகின்றார். பிறருக்கு அது கசந்தால் அவருக்கு மறுப்பில்லை. ஆனால், ஒரு பொருள் அழகியது என்பவர் எல்லோருக்காகவும் பேசுகின்றார். பிறரும் அதனை ஒப்புக்கொள்ள வேண்டுமென எதிர்பார்க்கின்றார். எனினும், கணிதத் தேற்றம்போல அதனை நிறுவிக்காட்ட அவரால் இயலாது.

"எனக்குப் பிடித்தது" என்பதும் "நல்ல படம்" என்பதும் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும். முன்னையது ஒரு செய்தி. பின்னையது பிறரது இசைவை வேண்டும் ஒரு கோரிக்கை. கோரிக்கை விடுப்பவரிடம் காரணம் கேட்பது நியாயமே. "அவரவர் ருசி" என்னும் வாய்பாடு அக்கேள்வியைத் தடுத்துவிடுகின்றது. எதிராளியின் கருத்தை மதிப்பதுபோலக் காட்டிக்கொண்டு, ஆராய்வதற்கே தகுதியற்றதாக அதனை ஒதுக்கிவிடுகின்றது.

ஆயின், சுவை பற்றிக் காரணம் கூறுதல் இயலுமா? டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் டொன் கிஹோத்தே நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாளுகின்றார். ஒரு பீப்பாயிலிருந்த மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர், அது நல்லதெனினும் அதிலே சிறிது தோலின் சுவை உண்டு என்றார். மற்றவர் இரும்பின் சுவை உண்டு என்றார். இருவரும் நகைப்புக்கு உள்ளாயினர். பீப்பாய் வெறுமையானபோது அதன் அடியிலே தோல்வார் கட்டிய பழைய சாவியொன்று கிடந்தது. இருவரும் வேறுபட்டனர், இருவரும் சரியாகவே கூறினர். பீப்பாயினுள்ளே உள்ள ஒன்றை இருவரும் சுட்டியமையே இதற்குக் காரணம்.

திரைப்படக் கருத்துரையும் இவ்வாறு அமையலாம். "இறுதிக் காட்சி உருக்கமாயில்லை" என்பதோடு நில்லாது, "அப்பாத்திரம் எதனை இழந்தது என்பதை முந்திய காட்சிகள் காட்டவில்லை" என்று ஒருவர் கூறுவாராயின், மற்றவர் அக்காட்சிகளை நினைவுகூர்ந்து ஏற்கவோ மறுக்கவோ முடியும். வாதத்துக்குப் பொதுவான ஒரு நிலம் கிடைத்துவிடுகின்றது.

உணர்ச்சியையே தீர்ப்பாகக் கொள்வது முதலாவது தவறாகும். ஜோன் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதிகள்' 1939 ஜூலையிற் பாரிஸ் நகரில் திரையிடப்பட்டபோது பார்வையாளர் சீற்றங்கொண்டு கூச்சலிட்டனர். நெறியாளர் படத்தை வெட்டிக் குறுக்கினார். அதன் பின்னரும் அவ்வாண்டிலேயே அது தடைசெய்யப்பட்டது. பின்பு மீட்டமைக்கப்பட்டு 1959இல் மீண்டும் காட்டப்பட்டபோது, திரைப்பட வரலாற்றின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக அது போற்றப்பட்டது. அறிஞர் சரி, சனங்கள் பிழை என்று இதற்கு விளக்கம் கூறுவது எளிது, ஆனால் போதாது. 1939இற் கூச்சலிட்டோரின் கோபம் பொய்யன்று. போரின் விளிம்பில் நின்ற ஒரு சமுதாயத்தின் மேற்தட்டு வாழ்க்கையைக் காட்டிய படம் அவர்களைத் தொட்டதனாலேயே அக்கோபம் பிறந்தது எனலாம். ஏன் கோபம் வந்தது எனத் தம்மைத் தாமே கேளாது, கோபத்தையே தீர்ப்பாக்கிக்கொண்டதே அவர்களது தவறு.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. கற்றோரிடையே மிகுதியாகக் காணப்படுவது. அது தாம் உணராததை உணர்ந்ததாகக் கூறுதல். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு எனக் கூறும். உள்ளத்து உணர்வு பிறர் அறியும்படி உடலிலே புலப்படுவதே மெய்ப்பாடு. படமாளிகையின் இருளிலே எழும் சிரிப்பும் கண்ணீரும் கொட்டாவியும் எவரையும் கேட்டு வருவனவல்ல. விளக்கு எரிந்த பின்னரே கருத்துகள் தயாராகின்றன. பரிசு பெற்ற படத்தின்போது உறங்கியவர் "மகத்தான படைப்பு" என்கின்றார். சனரஞ்சகப் படத்துக்குக் கண்கலங்கியவர் "மசாலா" என்று ஏளனம் செய்கின்றார். நேர்மையாக "அலுத்தது" என்பவருடன் விவாதிக்கலாம். இரவல் கருத்தைக் கூறுபவருடன் விவாதிக்க வழியில்லை.

அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1950இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்ற இப்படத்தில் ஒரு மரணம் நான்கு விதமாகக் கூறப்படுகின்றது. உண்மை ஆளுக்கொரு விதமானது என்பதே படத்தின் செய்தி எனப் பலர் கொள்வர். ஆனால், கள்வன் தன் வீரத்தையும், மனைவி தன் நிறையையும், இறந்த வீரன் தன் மானத்தையும் காக்குமாறே தத்தம் கதையைக் கூறுகின்றனர். நேரிற் கண்ட விறகுவெட்டியும் தன் களவை மறைக்கின்றான். இங்கு பலவாகத் தோன்றுவது உண்மையன்று. தன்னைப் பற்றி ஒவ்வொருவரும் காத்துக்கொள்ள விரும்பும் உருவமே பலவாகின்றது. திரைப்படம் பற்றிய நமது கருத்துகளும் பெரும்பாலும் இத்தகையனவே. படத்தைப் பற்றிப் பேசுவதாகத் தொடங்கி, எத்தகையவராகக் காணப்பட விரும்புகின்றோமோ அதனையே பேசி முடிக்கின்றோம்.

இலங்கைத் தமிழ்ச் சூழலில் இது வேறொரு வடிவமும் கொள்கின்றது. தர்மசேன பத்திராஜா நெறியாண்ட 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்ட அப்படம், தென்னிந்தியப் படங்கள் நிறைந்தோடிய படமாளிகைகளில் நெடுநாள் நிலைக்கவில்லை. இத்தகைய படங்களை "எங்கள் மண்ணின் படம்" என்பதற்காகவே புகழ்வோர் உளர். அப்புகழ்ச்சி நன்னோக்குடையதாயினும், கலைஞனைக் கலைஞனாக அன்றி ஆதரவு வேண்டி நிற்பவனாகவே நடத்துகின்றது. பொருள் நேர்மையானது, ஆனால் இன்ன காட்சி இன்ன காரணத்தால் உயிர்பெறவில்லை என்று கூறுபவரே அவனுக்குக் கூடிய மரியாதை செய்கின்றார். அடுத்த படத்துக்கு உதவுவதும் அத்தகைய சொல்லே.

பொழுதுபோக்குக்காகப் பார்க்கும் படத்தின்மேல் இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என வினவலாம். பார்ப்பவர்மேல் எப்பாரமும் இல்லை. அவர் மகிழலாம்; மௌனமாக வீடு செல்லலாம்; "எனக்குப் பிடித்தது" என்பதோடு நிறுத்தலாம். "நல்லது", "கெட்டது" என்னும் சொற்கள் வாயில் வரும்போதே பொறுப்புத் தொடங்குகின்றது. உணர்ந்ததை உள்ளவாறு கூறுதல், அவ்வுணர்வுக்குக் காரணமானதைப் படத்தினுள்ளே சுட்டுதல், மற்றவர் சுட்டுவதை மீண்டும் பார்க்க ஆயத்தமாயிருத்தல் ஆகிய மூன்றுமே அப்பொறுப்பின் கூறுகள்.

இம்மூன்றில் இறுதியானதே கடினமானது. ஒரு படத்தைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்வதால் எவருக்கும் பொருளோ பதவியோ நட்டமாவதில்லை. அத்துணை எளிய இடத்திலும் தம் கருத்தைத் திருத்திக்கொள்ள இயலாதவர், இழப்பதற்கு ஏதேனும் உள்ள இடத்தில் அதனைச் செய்வார் என எதிர்பார்ப்பதற்கில்லை. சிற்றுண்டிச்சாலை மேசையில் "ஏன் அப்படிச் சொல்கிறீர்?" என்று கேட்பவர், ஆதலால், நண்பரின் இரசனையை அவமதிக்கவில்லை. அவரது சொல்லைப் பொருட்படுத்துகின்றார்.