மாற்றுக் கட்சியினர் இணங்காதது ஏன்?

கடைக்கு வருகிறவரை இணங்கச் செய்வது நமக்குப் புதிய வித்தையன்று. விலை கட்டாது என்று படியிறங்கியவரைத் திரும்ப அழைத்து, உட்கார வைத்து, கேட்டதற்கு மேலாகவும் வாங்கிப் போகச் செய்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அத்தகைய நாமே மாலையில் தேநீர்க் கடையில் அரசியல் பேசத் தொடங்கினால், இருபது வருஷ நண்பர் ஒருவரைக்கூட அங்குலம் நகர்த்த முடிவதில்லை. பேசப் பேச அவர் பிடியும் இறுகுகிறது, நம் பிடியும் இறுகுகிறது. கட்சி வேற்றுமையால் கூட்டு வியாபாரம் பிரிந்ததையும், ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் ஸலாம் சொல்லாமல் விலகிப் போனதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இதன் காரணத்தை ஆராய்வது வீண் வேலையாகாது.

எதிர்த் தரப்பாருக்கு விவரம் போதாது, எடுத்துச் சொன்னால் தெளிந்துவிடுவார் என்பதே நம்மில் பெரும்பாலோர் எண்ணம். நம் சிங்கப்பூரின் சரித்திரமே இதை மறுக்கிறது. மலாயாவுடன் இணைவது குறித்து 1961ஆம் ஆண்டில் எழுந்த விவாதத்தில் விவரத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அன்றைய பிரதமர் திரு. லீ குவான் யூ அவர்கள் செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 9 வரை 12 வானொலி உரைகளை ஆங்கிலம், மலாய், மாண்டரின் ஆகிய மும்மொழிகளிலும் நிகழ்த்தினார். மக்கள் செயல் கட்சியிலிருந்து பிரிந்து அவ்வாண்டிலேயே தோன்றிய பாரிசான் சோசலிஸ் கட்சியும் ஓயாமல் பதில் கூறிற்று. எனினும் இரு தரப்பின் தலைவர்களும் தத்தம் நிலையிலேயே நின்றார்கள்.

ஏன்? இருவரும் ஒரே சரக்கை நிறுக்கவில்லை. ஒரு தரப்பு பெரும்பாலும் பிழைப்பை நிறுத்தது. தண்ணீருக்கும் ஜொகூரை நம்பியிருக்கும் சின்னஞ்சிறு தீவு, பொதுச் சந்தையின்றி எவ்வாறு தொழில் வளர்க்கும் என்று கேட்டது. மறு தரப்பு பெரும்பாலும் உரிமையை நிறுத்தது. பினாங்கும் மலாக்காவும் பெற்ற நிலை நமக்கு ஏன் இல்லை, குடியுரிமையில் வேறுபாடு எதற்கு என்று கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றதற்குப் பதிலாகாது. அரிசி விலை கேட்டவரிடம் துணியின் அகலத்தை அளந்து காட்டினால் அவர் எப்படித் திருப்தியடைவார்?

1962 செப்டம்பர் 1ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் இருந்த மூன்று வழிகளும் இணைப்புக்கான வழிகளே. வேண்டாம் என்பதற்கு இடமில்லை. அரசாங்கத்தின் திட்டத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 71 வாக்குகள் கிடைத்தன. நூற்றுக்கு 25க்குச் சற்று மேற்பட்டவை வெற்றுச் சீட்டுகளாக விழுந்தன. ஒருவர் 71ஐப் படித்தார், மற்றவர் 25ஐப் படித்தார். 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவாகி, 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. பேசப்பட்ட பொதுச் சந்தை அதற்குள் கைகூடவில்லை. அப்போதும் வாதம் தீரவில்லை. திட்டம் நல்லது, நடத்தியவர்கள் கெடுத்தார்கள் என்று சொல்லவும் இடமிருந்தது. அடித்தளமே கோணல் என்று சொல்லவும் இடமிருந்தது. நம் வியாபாரத்தில் தவறு செய்தால் வருஷக் கணக்கு முடிக்கும்போது பேரேடு காட்டிக் கொடுத்துவிடும். அரசியலில் ஒரே பேரேட்டை இருவர் இருவிதமாகக் கூட்டுகிறார்கள்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. வழக்கமாக வாங்கும் தேயிலையை விட்டு வேறொன்று வாங்கினால் எவரும் நம்மைப் பகைப்பதில்லை. கட்சி அபிப்பிராயம் அப்படியன்று. அதில் மனிதனின் தோழர்கள் இருக்கிறார்கள், தகப்பனார் இருக்கிறார், அவன் பட்ட கஷ்டமும் இருக்கிறது. "நீங்கள் சொல்வதே சரி" என்று தேநீர்க் கடையில் நால்வர் முன்னிலையில் ஒப்புக்கொண்டவர், மறுநாள் எந்த முகத்தோடு தம் கூட்டத்தாரிடம் போவார்? நாம் சல்லிசாகக் கேட்கும் பொருளுக்கு அவர் தரவேண்டிய விலை மிகப் பெரிது. உண்மையைச் சொல்வதானால், பக்கத்து மேசைக்காரர் தலையசைக்க வேண்டும் என்பதற்காகவே நாமும் பலமுறை வாதாடுகிறோம். எதிரில் இருப்பவர் அதை அறியாதவரல்லர்.

மனம் மாறுவது இழிவாக எண்ணப்படாத இடமும் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்டவர்கள். பிறகு பல சட்டங்களில் இருவருடனும் மாறுபட்டவர்கள். மிஸ்ருக்குக் குடியேறிய பின் தாமே முன்னர் கூறிய பல முடிவுகளையும் மாற்றினார்கள். முந்தியதைக் 'கதீம்' என்றும் பிந்தியதை 'ஜதீத்' என்றும் ஆலிம்கள் இன்றும் ஓதிக்கொடுக்கிறார்கள். மார்க்கச் சட்டமும் கட்சி அரசியலும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் தம் கட்சியில் எவருக்கேனும் ஒரு 'ஜதீத்' சொல்ல அனுமதி உண்டா என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த ஜவுளிக் கடையொன்றில் மாமனும் மருமகனும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். வாடிக்கையாளர் முன்னிலையிலேயே சத்தம் போடுவார்கள். ஓர் இரவு கடையடைத்த பின், பெரியவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "மருமகனே, எங்க ஆளு ஜெயிச்சுட்டா உங்களுக்கு எது கையை விட்டுப் போயிடும்னு பயமா இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். இளையவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். மாமனார் குறுக்கிடாமல் கேட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க மாமா" என்றார் மருமகன். அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டதாம்.