வெள்ளோட்டம்

புதுத் தேர் செய்து முடித்ததும் வெள்ளோட்டம் விடுவது நம் நாட்டு வழக்கம். உற்சவ மூர்த்தி ஏறாத தேரை வடம் பிடித்து ஒருமுறை வீதி சுற்றிக் கொண்டுவருவார்கள். அச்சு தாங்குகிறதா, மூலை திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்கிறது, முட்டுக்கட்டை போடுகிறவனுக்குக் கை பழகியிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தச்சருக்கு அது போதும். ஆனால் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு வந்தவன், தேர்த் திருவிழா பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லமாட்டான்.

ஒரு வாழ்க்கை முறைக்கு இப்படி வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க முடியுமா? இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவர் இளையாத்தங்குடியில் இருக்கும் ஒரு நண்பர். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடும் மனிதர்.

இளையாத்தங்குடியை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் முதலாவது இந்த ஊர்க் கோவில். சுவாமி கைலாசநாதர், அம்பாள் நித்தியகல்யாணி. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்த தங்கள் முன்னோருக்குப் பாண்டியன் முதலில் கொடுத்த இடம் இதுதான் என்பது நகரத்தார் மரபு. மற்ற எட்டுக் கோவில்களும் இங்கிருந்து பிரிந்தவை என்பார்கள். அப்படி வந்தவர்கள் பாண்டி நாட்டில் ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன். மரபின்படி, அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை.

நண்பருக்கு அங்கே ஒரு வீடு. அவருடைய அய்யாவைப் பெற்றவர் ரங்கூன் பணத்தில் கட்டியது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. பர்மாத் தேக்கில் தூண்கள். இவ்வளவிலும் இப்போது குடியிருப்பது நண்பரும் அவர் ஆச்சியும் மட்டுமே. பங்காளிகள் கோலாலம்பூரிலும் கோயம்புத்தூரிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மற்றவர் பங்குகளையெல்லாம் தாமே வாங்கிக்கொள்ளுகிறேன் என்று முன்வந்தார். நண்பருக்கு ஒரு யோசனை பிறந்தது. பங்கைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் ஒரு மோட்டார் வீடு வாங்குவது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி. பிறகு இருக்கிற காலமெல்லாம் ஊர் ஊராகப் போவது. 'அறுபத்தாறு வயசு வரைக்கும் வீட்டைக் காவல் காத்தாச்சு. இனிமே வீடு நம்ம கூட வரட்டுமே' என்றார்.

நம்மவர்களுக்கு அந்த வண்டி 'கேரவன்' என்ற பெயரில் நன்றாகத் தெரியும். சினிமாப் படப்பிடிப்புக்கு நடிகர்கள் தங்குவதற்கென்று வாடகைக்கு வருகிறதே, அதுதான். செட்டிநாட்டு வீடுகளில் படமெடுக்கும்போது பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் கைகோத்தாலும் அடங்காத அகலத்தில் வளவு காலியாகக் கிடக்கும்; நடிகர் வாசலில் நிற்கும் வண்டிக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீடு படத்துக்கு, வண்டி வாழ்வதற்கு!

சுற்றுப் பயணத்துக்கென்றே இத்தகைய வண்டியைச் செய்துகொண்டவர்களில் முதல்வர் என்று கார்டன் ஸ்டேபிள்ஸைச் சொல்வார்கள். கடற்படையில் வைத்தியராக இருந்து எழுத்தாளராக மாறிய ஸ்காட்லாந்துக்காரர். 1885-ல் பிரிஸ்டல் நகரத்துப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்வித்து, இரண்டு குதிரை பூட்டி, பிரிட்டனில் ஊர் சுற்றினார். 1960-ல் ஜான் ஸ்டைன்பெக் ஒரு டிரக்கின் மேல் சின்ன வீட்டை ஏற்றிக்கொண்டு நாய் ஒன்றுடன் அமெரிக்காவைச் சுற்றினார். டான் குவிக்ஸாட்டின் குதிரை பெயரை அந்த வண்டிக்கு வைத்தார் என்பதிலிருந்தே தம்மைப் பற்றி அவருக்குப் பிரமை இல்லை என்று தெரிகிறது. நமக்குப் பக்கத்தில் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. மறு வருஷம் வாகமண்ணில் வண்டிகள் தங்குவதற்கு ஓர் இடமும் திறந்தார்கள்.

அமெரிக்காவில் இந்த வண்டி வாங்க நினைப்பவருக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்தி ஒன்றே: முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பார், பிறகு வாங்கு. நண்பரும் அப்படியே செய்தார். ஐந்து நாளைக்கு ஒரு வண்டி பேசினார். அவர்கள் இரண்டு பேர், நான், டிரைவர். தேவிபட்டினம், ராமேசுவரம், திருச்செந்தூர், குற்றாலம் என்று திட்டம்.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சொல்லப்படாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்க்கிற சோறும் பானையில் கிடக்கிற சோறும் ஒரே உலையில் ஒரே நேரம் வெந்திருக்க வேண்டும். ஐந்து நாள் உல்லாசப் பயணம் பத்து வருஷ வாழ்க்கையின் ஒரு பருக்கை ஆகுமா? முதல் நாள் ராத்திரி தேவிபட்டினத்துக் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தபோது அடித்த காற்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தக் காற்றுக்காகவே வண்டியை வாங்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றிற்று. முதல் நாள் காற்று எப்போதும் அப்படித்தான் இருக்கும். நானூறாவது நாள் அதே காற்றில் என்ன வாசனை வரும் என்பது நானூறு நாள் இருந்தவனுக்கே தெரியும்.

ஆகையால் வெள்ளோட்டம் வீண் என்று சொல்லவில்லை. ஒரு விஷயத்தில் அது மிகவும் நம்பத்தக்க சாட்சி. 'வேண்டாம்' என்று அது சொன்னால் நம்பலாம். ஐந்தாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டால், ஐநூறாம் நாள் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 'வேண்டும்' என்று அது சொல்லும்போதுதான் சந்தேகப்பட வேண்டும். கஷ்டம் சீக்கிரம் வந்து முகத்தைக் காட்டிவிடுகிறது. சலிப்பு நிதானமாக வருகிறது. வாடகை நாட்களுக்குள் சலிப்பு வந்து சேருவதில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றை ஆச்சிதான் கண்டார். இரண்டாம் நாள் ராமேசுவரத்தில் படுக்கை விரிக்கும்போது, 'டிரைவர் தம்பி எங்கே படுக்கும்?' என்று கேட்டார். வண்டியில் நாலு பேருக்குப் படுக்கை உண்டு என்று பேசியிருந்தார்கள். அந்த நாலு பேரில் டிரைவர் சேர்த்தி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் முன் ஸீட்டில் காலை மடக்கிக்கொண்டு படுப்பவர். 'எனக்குப் பழக்கம்தான் ஆச்சி' என்றார். மூன்றாம் நாள் கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டதென்று ஒரு விளக்கு எரிந்தது. மேல்நாட்டில் அதைக் கொட்டுவதற்கென்றே குழாய் வைத்த இடங்கள் வழி நெடுக உண்டு. திருச்செந்தூர்ச் சாலையில் அப்படி ஏதும் எங்கள் கண்ணில் படவில்லை. 'அதை நாங்க பார்த்துக்கிடுறோம் ஐயா' என்று சொல்லிவிட்டு டிரைவர் ஒரு மணி நேரம் வண்டியைக் கொண்டுபோய்த் திரும்பினார். விளக்கு அணைந்திருந்தது. எங்கே போனார், யார் கையால் எப்படிக் காலியாயிற்று என்று நண்பர் கேட்கவில்லை.

மனிதர் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013-ல் பாராளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது. சட்டம் இருக்கிற தேசத்தில், நிறைந்த தொட்டி காலியாகி வருகிறது என்றால் ஒரு குடும்பஸ்தன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. சொந்த வண்டியாக இருந்தால் நண்பர் கேட்டிருப்பார். கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் தொட்டி அவருடையது. வாடகை அந்தக் கேள்வியிலிருந்து அவருக்கு விடுமுறை கொடுத்துவிட்டது. வாடகை வண்டியில் ஓடிப் பார்க்கிறவன் வாழ்க்கையைப் பரீட்சை பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுகிறான். உண்மையில், அந்த வாழ்க்கையின் சுமையை வேறொருவன் தலைமேல் வைத்துவிட்டு, மீதியை ருசி பார்க்கிறான். இதை அவன் ஒழுக்கக் குறை என்று நான் சொல்லவில்லை. அவன் பார்த்தது பாதியைத்தான் என்று சொல்லுகிறேன்; அதுவும் இனிப்பான பாதி.

அப்படியானால் பரீட்சை பார்ப்பதற்கு நேர்மையான வழியே கிடையாதா? நண்பரின் சமூகத்தாரே அதற்கு வழி வைத்திருந்தார்கள். நகரத்தாரில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம். புதுத் தம்பதியைத் தனியாகச் சமைத்து உண்ணச் செய்வார்கள். வீட்டை விட்டுப் போகவேண்டியதில்லை. அதே வளவில் அவர்களுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு என்று பணமோ பண்டமோ அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். பக்கத்து அடுப்பில் மாமியார் இருப்பார், ஆனால் உப்புக் குறைந்தால் அது உன் உப்புத்தான். தொழிலிலும் இதே முறை. பர்மாவுக்குப் போகிற பிள்ளை எடுத்த எடுப்பிலே மேலாள் ஆகிவிடுவதில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மூன்று வருஷக் கணக்குக்கு ஏஜெண்டாகப் போவான்.

இதுவும் வெள்ளோட்டம்தான். ஆனால் வாடகை வண்டிக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. ஒன்று பார்ப்பது, மற்றது பழகுவது. பார்க்கிறவன், 'இது எனக்குப் பிடிக்கிறதா?' என்று கேட்கிறான். பழகுகிறவனிடம், 'இதற்கு நீ தகுதியாகிறாயா?' என்று அந்த வாழ்க்கை கேட்கிறது. பார்க்கிறவன் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது போனபோது இருந்த மனிதனாகவே இறங்குகிறான். பழகினவன் அப்படி இறங்க முடியாது.

பழகுவதற்கும் அப்பால் ஒரு நிலை உண்டு. காஞ்சி மடத்தின் 65-வது ஆசாரியர் மகாதேவேந்திர சரஸ்வதி சித்தியடைந்தது இந்த இளையாத்தங்குடியில்தான், 1890-ல். அவருடைய அதிஷ்டானம் இங்கே இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் கடைசியாக நின்ற இடம் இது. சந்நியாசி வீடில்லாத வாழ்க்கையை ஐந்து நாள் இருந்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுவதில்லை. தனக்குத் தானே சிராத்தம் செய்துகொண்டு, வந்த வழிக் கதவைச் சாத்திவிட்டு நடக்கிறான். பர்மாவில் இதற்கு நேர்மாறு: அங்கே பிள்ளைகள் சில நாள் பிக்ஷுக்களோடு காவியுடுத்தி இருந்துவிட்டு வீடு திரும்புவது குடும்பத்துக்கே புண்ணியம். இரண்டும் பெரிய வழிகள். ஆனால் சில நாள் காவியுடுத்தின பிள்ளை, துறவு இன்னதென்று தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளுவதில்லை.

நண்பரின் காரியத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். வண்டியை விற்றுவிடலாம், கொஞ்சம் நஷ்டப்பட்டாலும் பணமாகிவிடும். அந்தப் பரீட்சை அவ்வளவு அவசியமே இல்லை. திரும்பப் பெற முடியாதது வீட்டுப் பங்கு. அவர் தீர்மானிக்கப் போவது வண்டியோடு வாழ்வதா என்று அல்ல, வீடில்லாமல் வாழ்வதா என்று. அந்த ஐந்து நாளும் ஆச்சியின் இடுப்பில் வீட்டுச் சாவிக் கொத்து இருந்தது. குற்றாலத்தில் மழை பிடித்துக்கொண்டு வண்டிக்குள் மூன்று பேரும் முட்டிக்கொண்டபோது, 'இன்னும் ரெண்டு நாள்தானே, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிக்கிடலாம்' என்று நண்பரே சொன்னார். வீட்டை வைத்துக்கொண்டு வீடின்மையைப் பரீட்சை பார்த்தால், பரீட்சைக்கு வரவேண்டியது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வந்துவிடும்.

அமெரிக்காவில் 2008-ஆம் வருஷப் பணமுடைக்குப் பிறகு வீட்டை இழந்து, வண்டியில் குடியேறிய வயதானவர்களைப் பற்றி ஜெஸிக்கா புரூடர் எழுதிய புத்தகம் 2017-ல் வந்தது. பிறகு சினிமாவாகவும் வந்தது. சாமான் கட்டும் கிடங்குகளில் பருவத்துக்குப் பருவம் கூலி வேலை செய்துகொண்டு, வண்டியே வீடாக வாழ்கிறவர்கள். ஸ்டைன்பெக்கின் வண்டியும் அவர்களுடைய வண்டியும் ஒரே சாதிதான். ஸ்டைன்பெக் திரும்பிப் போக வீடு இருந்தது. அதனால் அவருடையது பயணம்.

நகரத்தார் அக்கரைக்குப் போனதும் அந்த வகைதான். கிட்டங்கியில் ஒரு பெட்டியும் பாயும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தார்கள். அடமானக் கடன் திரும்பாமல் நிலம் நிலமாகக் கையில் வந்து விழுந்து, 1930-க்கும் 1937-க்கும் நடுவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் அவர்கள் வசமிருந்த பங்கு ஆறு சதவிகிதத்திலிருந்து இருபத்தைந்து ஆயிற்று. அவ்வளவு இருந்தும் அதை அவர்கள் வீடென்று நினைக்கவில்லை. 1942-ல் எல்லாம் போயிற்று. காட்டு வழியே நடந்து வந்தவர்களும் உண்டு. நடப்பதற்கு ஒரு திசை இருந்தது அவர்களுக்கு. காசிக்குப் போனாலும் அப்படியே. வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1863-ல் அங்கே ஒரு சத்திரத்தைக் கட்டினார்கள். பின்னால் வருகிறவனுக்கும் அது உதவிற்று.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 'அப்போ வித்துடாதேங்கிறீங்களா?' என்றார். இல்லை. பத்துப் பங்காளிகளுக்குப் பாரமாகி, மழைக்கு மழை ஓடு மாற்றிக் கொண்டிருக்கும் வீட்டை ஒரு கிழவர் கட்டி அழ வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. காரைக்குடியில் பழஞ்சாமான் கடைத் தெருவுக்குப் போனால், பாதுகாத்த வீடுகள் என்ன ஆயின என்று கதவு கதவாகப் பார்க்கலாம். விற்பதில் தவறில்லை. எதைச் சோதிக்க வேண்டுமோ அதைச் சோதியுங்கள் என்றுதான் சொன்னேன். வண்டியே வேண்டாம். சாவியைக் கீழச்சிவல்பட்டியில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் ஏதாவது ஓர் ஊரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து இருங்கள்; நல்லதுக்கும் கெட்டதுக்கும் இந்த நிலைப்படி தாண்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

அதுவும் முழுப் பரீட்சை அல்ல என்று எனக்குத் தெரியும். தங்கையிடம் இருக்கும் சாவியும் சாவிதான்.

நண்பர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். 'ஐப்பசியிலே அப்பச்சி திவசம் வருது. தையிலே படைப்பு. அதுக்கு வராம முடியாது. அது ரெண்டு நாளையும் கழிச்சுக்கிட்டா, உங்க யோசனை சரிதான்' என்றார். ஆச்சி காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டே, 'மாசியிலே சின்னவன் மகளுக்குக் காது குத்து இருக்கு, அதையும் சேர்த்துக் கழிங்க' என்றார்.