எடுக்காத பந்து

"கோல்ஃபா? நீயா?" என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் நியாயம் இருந்தது. ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். தாத்தா பால்மரம் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார். எங்கள் வீட்டில் கோல்ஃப் என்றால் அது துரைமார் ஆட்டம். நம் ஆள் போனால் பந்து பொறுக்கத்தான் போவான். மட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவருக்குக் 'கேடி' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுவதால் அப்பாவிடம் நான் அதை விளக்கவில்லை.

காலம் மாறிவிட்டது. ஆயர் குரோவிலும் அலோர் காஜாவிலும் மைதானங்கள் இருக்கின்றன. ஏ'ஃபாமோசாவில் மட்டும் 27 குழிகள். பந்து பொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது சொந்த மட்டையோடு போகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் நிதி திரட்ட கோல்ஃப் போட்டி வைப்பதும் நம்மவர்களிடம் பழகிப்போய்விட்டது. அப்படி ஒரு பள்ளி நிதிப் போட்டியில் ஒரு குழுவுக்கு ஆள் குறைந்தது. அலுவலக நண்பர் என்னைப் பிடித்தார். "ஸ்கிராம்பிள்தான் பாஸ். ஒன்னும் தெரியலைன்னாலும் ஆடலாம்."

ஸ்கிராம்பிள் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நான்கு பேர் ஒரு குழு. நான்கு பேரும் ஆளுக்கொரு பந்து அடிப்பார்கள். நான்கில் நல்ல இடத்தில் விழுந்தது எது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மற்ற மூவரும் தங்கள் பந்தைப் பொறுக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து வந்து, அங்கிருந்து நான்கு பேரும் மறுபடி அடிப்பார்கள். குழியில் விழும்வரை இப்படியே போகும். அட்டையில் எழுதுவது ஒரே ஒரு எண். யார் பந்து போயிற்று, யார் பந்து பையில் திரும்பியது என்பதற்கு அட்டையில் இடம் கிடையாது.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். தூரம் போகாது, ஆனால் கோடு போட்டது மாதிரி நேராகப் போகும். லாரி கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் தலைவர். அவர் அடித்தால் மேகத்தைத் தொடும், எங்கே இறங்கும் என்பது அவருக்கே தெரியாது. என் நண்பர் குழிக்குப் பக்கத்தில் கெட்டிக்காரர். நாலாவது ஆள் நான்.

குளம் குறுக்கே கிடந்த ஒரு குழியில்தான் எனக்கு ஆட்டம் புரிந்தது. ஆசிரியர் முதலில் அடித்தார். குளத்தைச் சுற்றி, பத்திரமாக, நடுப்புல்லில். திரும்பி லாரிக்கார அண்ணனிடம், "இனி நீங்க பயப்படாம அடிங்க" என்றார். அண்ணன் பயப்படாமல் அடித்தார். பந்து குளத்தைத் தாண்டியது. ஆரவாரம், கைதட்டல், தோளில் தட்டல். ஆசிரியர் பேசாமல் போய்த் தன் பந்தைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பந்துக்கு அந்தக் குழியில் பங்கு உண்டா? கணக்குப்படி இல்லை. ஆனால் அவர் பந்து அங்கே கிடந்திருக்காவிட்டால் அண்ணனின் கை இறுகியிருக்கும். குளத்தைப் பார்த்துக்கொண்டே அடித்திருப்பார், குளத்திலேயே போட்டிருப்பார். ஆசிரியர் கொடுத்தது தூரம் அல்ல, தைரியம். நாம் உபயோகிக்காத ஒன்றால் நாம் உபயோகித்தது உண்டாகியிருக்கிறது. வீட்டில் அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பில் வெளியூரில் துணிந்து வேலையை மாற்றுகிற பிள்ளைக்கு இது தெரியும்; அவன் அம்மாவிடம் ஒரு வெள்ளி வாங்கியிருக்க மாட்டான்.

உடனே ராமர் அணைக்கு மண் சுமந்த அணிலைக் கூட்டி வந்துவிடாதீர்கள். நானும் அந்தக் கதையோடு வளர்ந்தவன்தான், ஆனால் நம் கூட்டங்களில் அதை ரொம்ப சுலபமாக எடுத்து விடுகிறோம். எல்லார் பங்கும் சமம் என்று ஆண்டுக்கூட்டத்தில் பேசுவது எளிது. அது உண்மையில்லை. அதே குழியில் நான் அடித்தது காட்டுக்குள் போனது. அதனால் யாருக்கும் தைரியமோ தூரமோ வரவில்லை. அந்த அடியில் என் பங்கு பூஜ்யம். இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே பேசினால் ஆறுதல் சொன்னதாக இருக்குமே தவிர யோசித்ததாக இருக்காது.

கிரீனுக்கு வந்தபோதுதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்லில் பந்தை உருட்டிவிடுவதைப் பட்டிங் என்பார்கள். நான்கு பேரும் ஒரே இடத்திலிருந்து உருட்டுவதால், முதலில் உருட்டுபவனின் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அதனால் இருப்பதிலேயே மோசமான ஆளை முதலில் விடுவார்கள். என்னை விட்டார்கள். என் பந்து இடப்பக்கம் ஒரு சாண் விலகிப் போனது. மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நண்பர் அதே வளைவைக் கணக்குப் பண்ணி உள்ளே போட்டார். என் தப்பு அவர்களுக்கு வழி காட்டியது. ஏன் காட்டியது? அவர்கள் பார்த்ததால். பார்க்க ஆளில்லாமல் நான் அதே தப்பைப் பண்ணியிருந்தால் அது வெறும் தப்புதான். நம் இயக்கத்தில் ஒரு தம்பி நிகழ்ச்சி நடத்தித் தோற்றுப்போனால் அடுத்த மாதம் அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம். அவன் பந்து எந்தப் பக்கம் வளைந்தது என்று யாராவது உட்கார்ந்து பார்த்தோமா?

அன்றைய போட்டியில் இன்னொரு விதி இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அடிக்கும் முதல் அடி இருக்கிறதே, 18 குழிகளில் ஆளுக்கு மூன்றாவது கட்டாயம் எடுக்கப்பட வேண்டும். டெக்சஸ் ஸ்கிராம்பிள் என்ற பெயரில் பல இடங்களில் இப்படித்தான் ஆடுகிறார்கள். இந்த விதி இல்லையென்றால் அன்றைக்கு லாரிக்கார அண்ணனும் ஆசிரியருமே ஆடி முடித்திருப்பார்கள். எங்கள் தலைவர் என்ன செய்தார் என்றால், என் மூன்றையும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். நான் ஐந்தாவது குழியில் ஒன்று சுமாராக அடித்தேன். "பரவால்ல, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். பதினாறு, பதினேழு, பதினெட்டில் வேறு வழியில்லை. மூன்றுமே என் பந்துதான். கை நடுங்கியது. ஒன்று மரத்தடி, ஒன்று மணல், மூன்றாவது மட்டும் தப்பித்தது. எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆசிரியர் ஒன்றே ஒன்று சொன்னார்: "அஞ்சாவதுல எடுத்திருந்தா பையனுக்குப் பயம் தெளிஞ்சிருக்கும்."

இந்த விதியை நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது இரக்கத்துக்காகப் போட்ட விதியா, நியாயத்துக்காகப் போட்டதா? உலக ஹேண்டிகேப் முறையில் நான்கு பேர் ஸ்கிராம்பிளுக்கு ஒரு பரிந்துரை இருக்கிறது. ஆட்டக்காரர்களின் தரத்துக்கேற்ற சலுகையைக் கணக்கிடும்போது சிறந்தவருடையதில் 25 விழுக்காடு, அடுத்தவர் 20, அடுத்தவர் 15, கடைசி ஆளுடையதில் 10. கடைசி ஆளைப் பூஜ்யம் என்று விட்டுவிடவில்லை, பாருங்கள். ஆனால் பத்து விழுக்காடு என்பது காகிதத்தில். மூன்று பந்து கட்டாயம் என்பது, மூன்று கெட்டிக்காரர்களும் நான் போட்ட மரத்தடிக்கு நடந்து வந்து, அங்கே நின்று, அங்கிருந்து அடிக்க வேண்டும் என்பது. வேர்கள் காலில் இடற நிற்கும்போதுதான் லாரிக்கார அண்ணன் முதல் முறையாக என்னிடம், "மட்டையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காத தம்பி" என்றார். பதினாறாவது குழியில்!

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது, "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே, கீதையே சொல்லியிருக்கிறதே" என்றார். எனக்கு அதில் ஒரு சங்கடம். அந்த உபதேசம் செய்கிறவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது. எப்போதும் எடுக்கப்படுகிற பந்துக்காரன், எப்போதும் விடப்படுகிற பந்துக்காரனிடம் போய் அதைச் சொன்னால் அது உபதேசமாக இருக்காது, வசதியாகிவிடும். மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்குக் காவடி போகும்போது காவடிக்காரரைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறோம். வழியெல்லாம் கூடவே வந்து காலில் தண்ணீர் ஊற்றுகிற தம்பி பலனை எதிர்பார்க்கவில்லைதான். அதற்காக அவன் பெயரைக்கூட நாம் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

ஸ்கிராம்பிளில் நான் மிகவும் மதிப்பது அந்த நடைதான். பந்து எங்கே எடுக்கப்பட்டதோ அங்கே நான்கு பேரும் போகிறார்கள். விட்டுக்கொடுத்தவன் பழைய இடத்திலேயே நிற்பதில்லை. இது சாதாரண விஷயமாகத் தோன்றும். கோல்ஃபில் இது எப்போதும் சாதாரணமாக இருந்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பப்வா செவ்கோலம் என்று ஓர் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் இருந்தார். கேடியாக வேலை பார்த்தே ஆட்டம் கற்றவர். இடது கையைக் கீழே வைத்து, உலகமே பிடிக்கிற முறைக்குத் தலைகீழாக மட்டையைப் பிடிப்பார். 1959இல் டச்சு ஓப்பன் போட்டியில் வென்றார், பிறகும் இரண்டு முறை வென்றார். 1963இல் சொந்த ஊரிலேயே நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையர் அல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பதால், கோப்பையை வெளியே மழையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். அடிக்கலாம், ஜெயிக்கலாம். ஆனால் ஜெயித்தது கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்துக்குள் நுழையக் கூடாது.

நிறவெறியைத் திட்டுவது சுலபம். மழையில் நிற்க வைப்பதை நம் வீட்டிலும் செய்திருக்கிறோமா என்று கேட்பதுதான் கஷ்டம்.

அப்பாவுக்கு இடுப்பு போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு தேர்வு நடந்தது. யாரும் அதைத் தேர்வு என்று சொல்லவில்லை. அண்ணன் படிவம் 5இல் இருந்தான், நான் படிவம் 2. "சின்னவன் நல்லா படிக்கிறான்" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அண்ணன் எஸ்.பி.எம். எழுதாமலே புல் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலைக்குப் போனான். என் பந்து எடுக்கப்பட்டது. தோட்டத்தில் பிறந்த நம்மில் பல வீடுகளில் இது நடந்திருக்கிறது; சில வீடுகளில் விட்டுக்கொடுத்தது அக்கா. அதில் தவறு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கையில் இருந்த காசு ஒருவனுக்குத்தான் போதும். ஸ்கிராம்பிள் ஆடத் தெரியாத குடும்பம் எதுவும் தோட்டத்தைவிட்டு வெளியே வந்திருக்காது.

ஆனால் நாங்கள் பாதி ஆட்டம்தான் ஆடினோம். அண்ணன் தன் பந்தைப் பொறுக்கினான், என் பந்து விழுந்த இடத்துக்கு அவன் வரவில்லை. நான் டிப்ளோமா முடித்தேன், கணக்கு வேலை கிடைத்தது, டவுனில் வீடு வாங்கினேன், அங்கிருந்து அடுத்த அடியை நான் மட்டும் அடித்தேன். மாதாமாதம் காசு கொடுத்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். காசு கொடுப்பது வேறு, நான் நிற்கிற இடத்திலிருந்து அவனையும் ஒரு அடி அடிக்கவிடுவது வேறு. இருபது வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வைத்தது ஒரு சனிக்கிழமை விளையாட்டு என்பதில் எனக்கு வெட்கம்தான்.

போட்டி முடிந்த மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதை சொன்னேன். பட்டிங்கில் என் பந்து விலகிப் போனதைச் சொன்னபோது மட்டும் அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். "புல்லு எந்தப் பக்கம் படுத்திருந்துச்சு?" என்றான். நான் முழித்தேன். "பளபளன்னு தெரிஞ்சா உன்னைவிட்டு அந்தப் பக்கம் படுத்திருக்கு, பந்து ஓடும். கறுப்பா தெரிஞ்சா உன்னைப் பார்த்துப் படுத்திருக்கு, இழுத்துப் பிடிக்கும். இருபது வருஷமா அதைத்தானடா பார்த்துட்டு இருக்கேன்." கிரீனைச் சுற்றி அன்று உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் அது தெரியாது.

"உனக்கு என்னண்ணே வேணும்?" என்று கேட்டேன். கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. காசு விஷயம் என்று நினைத்துவிட்டான். அண்ணிதான் சொன்னார், முதலாளியிடம் வேலை பார்த்தது போதும், சொந்தமாகக் குத்தகை எடுக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை, மெசின்கூட இரண்டு இருக்கிறது, கொட்டேஷன் எழுதத்தான் தெரியாது என்று. கொட்டேஷன்! நான் ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்து பார்க்கிறேன்.

இப்போது வியாழக்கிழமை ராத்திரிகளில் அவன் வருகிறான். நான் எழுதித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறான். முதல் கொட்டேஷனில் பெட்ரோல் செலவைச் சேர்க்க மறந்துவிட்டான், அந்த வேலை கிடைக்கவும் இல்லை. இரண்டாவதை நேற்று அனுப்பினோம். பள்ளிக்கூடத் திடல், மாதம் இரண்டு முறை வெட்ட வேண்டும்.